ஒரே தடவை கேட்ட இயந்திரம்

இருக்கை வேண்டுமா என்று கேட்ட விமான நிலைய இயந்திரத்தில் ‘வேண்டாம்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு, அடுத்த கேள்வி வரட்டும் என்று ஆர்லன் ஹால்வர்சன் மரியாதையாகக் காத்து நின்றார். அடுத்த கேள்வி வரவில்லை. “உங்கள் முடிவு பதிவு செய்யப்பட்டது. எங்களுடன் பறந்ததற்கு நன்றி” என்று சொல்லிவிட்டு, திரை அவருக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டது.

அவர் இன்னும் பறக்கவே இல்லை.

காலை விமானம் பனிப்புயலில் ரத்தாகியிருந்தது. நெடுஞ்சாலைக்கும் தடுப்பு போட்டு மூடிவிட்டார்கள். ஆனால் புயல் பதினோரு மணிக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும், அந்த இடைவெளியில் நாற்பத்திரண்டு இருக்கை கொண்ட விமானம் ஒன்று மினியாபொலிஸுக்குப் போகும் என்று அறிவித்தார்கள். காத்திருந்தவர்களும் நாற்பத்திரண்டு பேர். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தி வந்தபோதே ஆர்லன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மினியாபொலிஸில் அவருடைய அண்ணன் கோர்டிக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு இதய அறுவை சிகிச்சை. அண்ணி இறந்து நான்கு வருடம், பிள்ளைகள் கிடையாது. முந்தாநாள் போனில் கோர்டி, “நீ வரவேணாம்” என்றார். கொஞ்ச நேரம் வானிலை பேசிவிட்டு, “வரவேணாம்” என்று இன்னொரு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லாமல் வைத்துவிட்டார். ஹால்வர்சன் குடும்பத்தில் இதைவிடப் பெரிய கதறலை யாரும் கேட்டதில்லை. ஆர்லன் அன்றே டிக்கெட் எடுத்தார்.

அப்படிப்பட்டவர் ஏன் ‘வேண்டாம்’ அழுத்தினார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். வடக்கு மினசோட்டாவில் ஒருவர் காபி வேண்டுமா என்று கேட்டால், முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாம் தடவை, சரி, அரைக் கோப்பை போதும் என்பார்கள். பிறகு முழுக் கோப்பையைக் குடிப்பார்கள். முதல் தடவையிலேயே சரி என்பவன் வீட்டில் ஒழுங்காக வளர்க்கப்படாதவன், அல்லது சிகாகோக்காரன்.

இயந்திரம் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் கவுண்டரில் ஜெரி லிண்ட்க்விஸ்ட் இருந்தாள். இப்போதும் இருக்கிறாள், இயந்திரத்துக்கு உதவியாளராக. அவள் மூன்று தடவை கேட்பாள், சிலரிடம் நான்கு. ஒரு பயணியை விமானத்தில் ஏற்ற ஆறு நிமிடம் ஆகிறது என்று தெற்கே, பாலைவனத்து நகரம் ஒன்றிலிருந்த தலைமை அலுவலகம் கண்டுபிடித்தது. அங்கே பனியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் பார்த்தவர்கள் கூடி, ‘பயணியர் விருப்பம்சார் மறுஒதுக்கீட்டு நடைமுறை’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதன்படி இருக்கை ஒரு தடவை அளிக்கப்படும். மறுப்பவர் ‘சுய ஏற்பாட்டுப் பயணி’ எனக் கருதப்படுவார்.

பதினோரு மணிக்கு நாற்பத்திரண்டு பேரும் வரிசையில் நின்று, ஒருவர் விடாமல் மறுத்து, சுய ஏற்பாட்டுப் பயணிகள் ஆனார்கள். விமானம் மினியாபொலிஸில் தேவைப்பட்டதால் காலியாகவே கிளம்பிப் போனது. எல்லோரும் கண்ணாடி வழியே பார்த்தார்கள். நன்றாக ஏறுகிறது என்று ஒருவர் சொன்னார்.

உடனே எல்லோருடைய கைபேசிக்கும், சேவை எப்படி இருந்தது என்று ஒரு கேள்வித்தாள் வந்தது. எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். ஒருவர் மட்டும் கோபத்தில் நாலு போட்டுவிட்டு, அப்புறம் மனசு கேட்காமல் அதை எப்படி மாற்றுவது என்று ஜெரியிடம் வந்து நின்றார்.

ஜெரி தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டாள். கவுண்டர் திரையில் டிரெவர் பூத் என்ற உதவி இயக்குநர் அரைக்கைச் சட்டையில் தோன்றினார். வாடிக்கையாளர் விருப்பப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. ஆர்லன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், ஒட்டுக்கேட்காதது போல.

“நூறு சதவீதம் மறுப்பு,” என்றார் டிரெவர். “இவ்வளவு தெளிவான விருப்பத்தை நாங்க எந்த ஊர்லயும் பாத்ததில்ல. நாலு மணி விமானத்த ரத்து பண்ணிரலாம்னு இருக்கோம்.”

“அவங்க வேணாம்னு சொன்னது, வேணும்னுதான் சார்.”

“அப்ப வேணும்னா என்ன சொல்வாங்க?”

“அதுக்கும் வேணாம்னுதான் சொல்வாங்க. மூணாவது தடவ கேக்கணும்.”

“நெஜமாவே வேணாம்னா?”

ஜெரி யோசித்தாள். “அப்படி இங்க யாரும் சொன்னதில்ல சார். பாக்கலாம்னு சொல்வாங்க.”

டிரெவர் இதையெல்லாம் எழுதிக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல. கேட்டதை எழுதிக்கொள்கிறவர். இரண்டு மணி நேரத்தில் ‘வட்டார நாகரிகப் பொருத்தத் திருத்தம்’ வந்து சேர்ந்தது. இனி இயந்திரம் மூன்று தடவை கேட்கும். முதல் இரண்டு பதில்கள் சம்பிரதாயமாகக் கொள்ளப்படும். மூன்றாவது பதிலே செல்லும். இதைப் பயணிகளுக்கு முன்கூட்டித் தெரிவித்தால் இயல்பான விருப்பம் கெட்டுவிடும் என்பதால், தெரிவிக்கக் கூடாது என்று அடியில் தடித்த எழுத்தில் இருந்தது. ஜெரி அதை இரண்டு தடவை படித்துவிட்டு இழுப்பறைக்குள் வைத்தாள்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நாற்பத்திரண்டு பேரும் தங்களுக்குள் வேறொரு கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். தேவாலயத்தில் காபி பரிமாறும் குழுவின் தலைவியும் ஆர்லனோடு பள்ளியில் படித்தவளுமான லவோன்தான் முன்னால் நின்றாள். வெட்கத்தைப் பார்த்தால் வசந்தம்வரை இங்கேயே இருக்க வேண்டியதுதான், இயந்திரம் ஒரு தடவைதான் கேட்கிறது, அதனால் எடுத்த எடுப்பில் ‘ஆம்’ அழுத்துவது என்று முடிவானது. சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, கெட்ட வார்த்தை பழகுவது போல மெல்ல ‘ஆம்’ என்று சொல்லிப் பார்த்தார்கள்.

நாலு மணிக்கு விமானம் திரும்பி வந்தது. ஐந்து மணிக்குப் புயல் மறுபடி பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு எதுவும் பறக்காது என்று அறிவித்தார்கள்.

லவோன் முதலில் போனாள். கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’ அழுத்தினாள். “ஏற்கிறீர்களா?” என்று இயந்திரம் மறுபடி கேட்டது. லவோனுக்குக் காது சிவந்தது. ஒன்றை ஏற்றுக்கொண்ட பிறகு, ஏற்கிறாயா என்று கேட்டால் அந்த ஊரில் அதற்கு ஒரே பொருள்தான்: தட்டுக்குள் அவசரப்பட்டுக் கை விட்டுவிட்டாய். இருந்தும் அவள் தைரியமானவள். நுனிவிரலால் இன்னொரு ‘ஆம்’ அழுத்தினாள்.

“நிச்சயமாக ஏற்கிறீர்களா?”

“ஐயோ, பரவால்ல. வேற யாராவது போகட்டும்,” என்று இயந்திரத்திடம் சொல்லிவிட்டு ‘வேண்டாம்’ அழுத்தினாள்.

அவளுக்கு அடுத்தவருக்கு இரண்டாம் கேள்வியிலேயே வியர்த்துவிட்டது. பல் மருத்துவர் ஒருவர் மூன்றாம் கேள்விக்கு இயந்திரத்திடம் மன்னிப்புக் கேட்டார். ஜெரி கவுண்டருக்குப் பின்னாலிருந்து வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் மேலும் கீழும் வேகமாக ஆட்டிக்கொண்டிருந்தாள். தங்கள் சங்கடத்துக்காக அவள் வருந்துகிறாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நாற்பத்தொரு பேர் இப்படியே மறுத்துவிட்டு வந்து காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கடைசியில் ஆர்லன். ஆம். ஆம். மூன்றாம் கேள்வி வந்தபோது முதுகில் எண்பத்திரண்டு கண்கள் இருப்பது அவருக்குத் தெரிந்தது. கோர்டி போனை வைத்த சத்தத்தை நினைத்துக்கொண்டு, பிரார்த்தனையில் நிற்பது போல் தலை குனிந்து, அழுத்தினார்.

ஆம்.

நாற்பத்தொரு பேரும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். ஜெரி பயணச்சீட்டை இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

லவோன் எழுந்து வந்தாள். “நல்லபடியா போயிட்டு வா ஆர்லன்,” என்றாள். கொஞ்சம் நிறுத்தி, “இது… வித்தியாசமா இருக்கு,” என்றாள். ஒரு மனிதரைப் பற்றி அந்த ஊரில் அதற்கு மேல் கடுமையாகச் சொல்ல வார்த்தை கிடையாது.

அதே நேரத்தில் டிரெவர் தன் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தார். திருத்தத்தின் பயனாக ஏற்பு பூஜ்யத்திலிருந்து ஒன்றாக உயர்ந்துள்ளது. இது எத்தனை மடங்கு வளர்ச்சி என்று கணக்கிட எங்கள் கணினிகளால் இயலவில்லை. இந்த நடைமுறையை நாடு முழுவதும் விரிவாக்கப் பரிந்துரைக்கிறேன்.

விமானத்துக்குள் ஆர்லனுக்குக் கழிப்பறையை ஒட்டிய கடைசி வரிசையில் ஜன்னல் இருக்கை. முன்னால் வந்து உட்காரலாமா என்று அவர் கேட்கவில்லை. எடைச் சமநிலைக்காக அங்கேயே உட்கார வேண்டும் என்று பணிப்பெண் தானாகவே சொன்னாள். வெளியே வண்டி ஒன்று வந்து இறக்கைகளில் பனி உருக்கும் திரவத்தைப் பீய்ச்சியது. போன் அடித்தது. கோர்டி.

“ஏறிட்டேன்,” என்றார் ஆர்லன். “ஏழு மணிக்குள்ள அங்க இருப்பேன்.”

“ஓ,” என்றார் கோர்டி. பிறகு, “அங்க எத்தன அங்குலம் பனி?”

“பதினாலு. என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. நாளைக்கு இல்லையாம். அவசரமா வேற ஒருத்தர் வந்திருக்காராம். உங்க நேரத்த அவருக்குக் குடுத்தா பரவால்லையான்னு டாக்டர் கேட்டாரு. பரவால்லன்னேன். இப்ப அடுத்த புதன்கிழமைன்றாங்க.”

ஆர்லன் இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரவம் ஆரஞ்சு நிறத்தில் வழிந்துகொண்டிருந்தது.

“எத்தன தடவ கேட்டாரு?”



“ஒரு தடவதான்டா.”

பணிப்பெண் வந்து போனை அணைக்கச் சொன்னாள். கதவு சாத்தப்பட்டது. மற்ற நாற்பத்தொரு இருக்கைகளும் காலியாக நிமிர்ந்து நிற்க, அவள் ஒரே ஒருவருக்காகப் பெல்ட் போடுவது எப்படி என்று முழுமையாகச் செய்து காட்டினாள். ஆர்லன் கடைசிவரை கவனித்தார். விமானம் ஓடத் தொடங்கியதும், பக்கத்து இருக்கைக்கும் தனக்கும் பொதுவான கைப்பிடியிலிருந்து முழங்கையை எடுத்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.