வெயில் உடைத்த புகை

முழுப் பாடம் படித்தவர்கள் யோசித்துப் பேசுவார்கள். பாதி படித்தவர்கள்தான் உடனே அறிவுரை சொல்லக் கிளம்புவார்கள். கல்லூரியில் வேதியியல் சேர்ந்த புதிதில் நான் இரண்டாவது ரகம். (இப்போது அதையே பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் பாவம்.)

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இழுப்பு. தெற்கே சாலையில் லாரிகள் பெருகப் பெருக, நாங்கள் மீன் பிடிக்கும் ஏரிக்கு மேல் புகை மங்கலாக நின்றது, அவர் நெஞ்சிலும் விசில் கூடியது. எங்கள் ஏரியில் இன்ன இடத்தில் இன்று இன்னார்தான் வலை போடலாம் என்று முறை உண்டு. பாடு என்போம். தவறவிட்டால் அடுத்த சுற்றுவரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். எங்கள் முறை வந்த அன்று, விடியலில் கிளம்பிய நைனாவை நான் மறித்தேன்.

"மங்கலா இருக்கு நைனா. வெயில் ஏறட்டும். வெயிலு பொகைய ஒடைச்சிடும்னு புக்குல போட்டுருக்கு."

படகில் கழி ஊன்றும் சித்தப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "துணி வெயில்ல காயும். பொகையுமா காயும்?"

"படிக்கிற புள்ள சொல்லுதுல்ல, இருடா" என்று நைனா வலையைக் கீழே வைத்துவிட்டார்.

உச்சி வெயிலில் கிளம்பினார்கள். கப்பலை வழியனுப்புகிறவள்போல் நான் கரையில் நின்று கையாட்டினேன். வலை இறங்கும் முன்பே படகு திரும்பிவிட்டது. நைனா குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் ஏறி இறங்கின.

"இழுப்பு இருக்கறவரு மத்தியான வெயில்லயா போவாரு? யார் சொன்னது?" என்றார் டாக்டர்.

அம்மா என்னைக் கைகாட்டினாள். "இவதான் சார். கெமிஸ்ட்ரி படிக்கிறா."

அன்று மாலைதான் பக்கத்தைத் திருப்பினேன். வெயில் வண்டிப் புகையை உடைப்பது உண்மை. ஆனால் உடைந்த துண்டு சும்மா போவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோனாகிறது. உயர வானத்தில் நம்மைக் காக்கிற அதே ஓசோன், மூக்கருகே வந்தால் நுரையீரலைப் புண்ணாக்கும். வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். நான் படித்தது முன்பக்கம், இது பின்பக்கம்.

அதன்பிறகு நைனா ஏரிக்குப் போகவில்லை. எங்கள் முறைக்குச் சித்தப்பாதான் போகிறார். இந்த நிலை அந்த ஒரு நாளால் மட்டும் வந்ததல்ல என்றார் டாக்டர். அந்த 'மட்டும்' எனக்கு ஆறுதலாக இல்லை.

இப்போதும் கருவாடு காயப்போடும்போது அம்மா கேட்பாள். "வெயிலு நல்லா ஏறிச்சு. காத்து சுத்தமாயிடுச்சான்னு டீச்சர கேளுங்க."

முதலில் சிரிப்பவர் நைனாதான். சிரிப்பு இருமலில் போய் நிற்கும். அது அடங்கும்வரை நான் கருவாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பேன்.