ஒரு கிலோ கொழுப்பு

செருப்புக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கொழுப்பைக் குறைக்க வந்த கூட்டம் மூச்சிரைக்கப் படியேறியது. அந்தப் படிகளே பாதி வைத்தியம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மேலே இருந்தவர் காந்தக்கைக்காரர். கத்தியில்லை, ஊசியில்லை. வயிற்றில் துண்டைப் போர்த்தி, கையை வைத்து இழுப்பார். மஞ்சள் கட்டியொன்று கிண்ணத்தில் தொப்பென்று விழும். "பாத்துக்கம்மா, ஒரு கிலோ!" என்பார். சொந்தக் கொழுப்பை முகத்துக்கு நேராகப் பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்! அழுதவர்கள்கூட உண்டு.

எனக்கு இது மூன்றாவது முறை. சர்க்கரை மாத்திரை காந்தத்தைக் கெடுக்கும் என்று அவர் சொன்னதால் பத்து நாளாக அதை நிறுத்தியிருந்தேன். தலை சுற்றியது. கொழுப்பு கிளம்புகிற அறிகுறியாம். நம்பினேன். கண்ணாடி முன்னால் மூச்சை உள்ளிழுத்து நின்று என்னையே ஏமாற்றிப் பழகியவள் நான். இன்னொருவர் ஏமாற்ற வந்தபோது இடம் கொடுத்துவிட்டேன்.

அன்று நாத்தனார் கூட வந்தாள். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். பையில் எங்கள் வீட்டு எடை மிஷின்.

"ஆஸ்பத்திரியில கொழுப்பு எடுக்கறதுன்னா, முதல்ல உப்புத்தண்ணியும் மரத்துப்போற மருந்தும் ஏத்துவாங்க அண்ணி. ரத்தம் அதிகம் போகாம இருக்கவும் அதுலயே மருந்து உண்டு. அப்புறம் சின்னத் துளை, மெல்லிசா ஒரு குழாய். முன்னும் பின்னும் அசைச்சு உறிஞ்சி எடுப்பாங்க. தோல் கன்னிப்போகும், வாரக்கணக்குல இறுக்கமா உடுப்புப் போடணும். உங்களுக்குக் கன்னின இடம் எங்க?"

"இங்க வலியே இல்லியே!" என்றாள் வரிசையில் நின்ற டீச்சர்.

"ஆரஞ்சை உரிக்காம சுளைய எடுத்தா அதுக்கும் வலிக்காது டீச்சர். அப்புறம், ஆஸ்பத்திரியில எடுக்கறதும் சாப்பாட்டுக்கும் நடைக்கும் மசியாத சதைய எடுத்து வடிவம் திருத்தத்தான். சர்க்கரை அதுல போகாது. மாத்திரைய விட்டா நீங்கதான் போவீங்க அண்ணி."

படுக்கும் முன் என்னை மிஷினில் ஏற்றினாள். எழுபத்தொன்பது. காந்தக்கை இழுத்தது, கட்டி விழுந்தது. மறுபடி ஏறினேன். எழுபத்தொன்பது.

"போன இடத்துல காத்து நிரம்பிடும்மா," என்றார் அவர், அசராமல்.

"ஒரு கிலோ காத்தா? அப்போ பலூன் விக்கிறவருக்கெல்லாம் இடுப்பு ஒடிஞ்சிருக்கணுமே!" நாத்தனார் அந்தக் கட்டியை என் கையில் திணித்தாள். "இப்போ ஏறுங்க அண்ணி. இது உங்க வயித்துல இருந்து வந்ததுன்னா, சேத்துப் பிடிச்சாலும் பழைய எடைதான் காட்டணும்."

எண்பது.

நாத்தனார் குனிந்து கட்டிலுக்கு அடியில் கைவிட்டாள். தொங்கிய பையிலிருந்து அடுத்த கட்டி வந்தது. டீச்சருடையது, டீச்சர் இன்னும் படுக்கவே இல்லை. முகர்ந்து பார்த்தாள். கேக் கடை வெண்ணெய்.

காந்தக்கைக்காரர் பின்படி வழியாக இறங்கினார். மூச்சே இரைக்கவில்லை.

"என் முறை வந்தப்புறம் இதையெல்லாம் கேட்டிருக்கக் கூடாதா?" என்று டீச்சர் முணுமுணுத்தாள்.

கைப்பையில் பத்து நாளாகக் கிடந்த சர்க்கரை மாத்திரையை அங்கேயே விழுங்கினேன். மூன்று முறை படுத்து எழுந்தவள், நானாக ஒருமுறைகூட எடை பார்க்கவில்லை. மிஷின் என் வீட்டுக் குளியலறையில்தான் இருந்தது. உங்கள் வீட்டிலும் இருக்கும். தூசி தட்டுங்கள், முதலில் தலைக்குள் இருக்கும் மிஷினை.