எழுந்திருக்காத டேட்டாபேஸும் வெர்னாவுக்குப் பக்கத்து இடமும்

மினசோட்டா,
ஏப்ரல், வியாழன்

அன்பிற்குரிய மருமகன் கார்ட்டருக்கு, மாமன் ஹாரல்ட் எழுதுவது. ஏப்ரலிலும் பனி கொட்டுவதைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். சியாட்டிலில் உன் சளி தேவலையா என்று உன் அம்மாவைக் கேட்டால், "அவன் எங்க போன் பண்றான்" என்று புலம்புகிறாள். அதனால் உன்னையே கேட்கிறேன்.

நம் சர்ச் கல்லறைத் தோட்டத்துக்கு நீ ஒரு வலைத்தளம் செய்து கொடுத்தாயே, யாருக்கு எந்த இடம் என்று அதில் இருப்பதுதான் செல்லும் என்று கமிட்டியும் தீர்மானம் போட்டதே, அது செவ்வாயன்று கரண்ட் போய் வந்ததிலிருந்து திறக்கவில்லை. இந்த நேரம் பார்த்து ஆர்னல்ட் ட்வெய்ட் காலமாகிவிட்டார். அவர் பிள்ளைகள் அடுப்பிலிருந்து இறக்கிய உருளைக்கிழங்கு ஹாட்டிஷைச் சுடச்சுடக் கொண்டுவந்து கொடுத்து, "தப்பா நெனச்சுக்காதீங்க ஹாரல்ட், உங்க சம்சாரத்துக்குப் பக்கத்து எடம் எங்கப்பா பேர்லதான இருக்கு?" என்கிறார்கள். அது என் இடம் கார்ட்டர்! என்னோடு குடித்தனம் நடத்திய வெர்னாவின் பக்கத்தில் ட்வெய்ட் படுப்பதா? ஆனாலும் இந்த ஊர் வழக்கப்படி, "அப்படியா, பாத்துக்கலாம்" என்று சொல்லி ஹாட்டிஷை வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை அடக்கம்.

சர்ச் கீழ்த்தளத்து சர்வர் முன்னால் போய் உட்கார்ந்தேன். சர்வருக்குள் தனித்தனிப் பெட்டி மாதிரி, தளம் ஒரு கண்டெய்னரில், பெயர்ப் பட்டியல் இருக்கும் டேட்டாபேஸ் இன்னொரு கண்டெய்னரில் என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது. தளம் சட்டென்று எழுந்து டேட்டாபேஸைக் கூப்பிடுகிறது, அது இன்னும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறது, பதில் வராததால் தளம் கோபித்துக்கொண்டு படுத்துவிடுகிறது. பொறுமையாக இன்னொரு முறை தட்டியிருந்தால் சரியாகியிருக்குமோ என்னவோ, அதற்குள் டிராக்டர் மெக்கானிக் லைல் காப்பிக் கோப்பையோடு வந்துவிட்டான். உதவிக்கு வந்தவனை வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வருமா? "பாஸ்வேர்டுதான்பா மக்கர் பண்ணுது, மாத்திட்டாப் போச்சு" என்று செட்டிங் கோப்பில் புதிதாக ஒன்றை எழுதினான். தளம் புதியதைச் சொல்கிறது, டேட்டாபேஸ் பழையதைச் சொன்னால்தான் கதவு திறப்பேன் என்று அடம்பிடிக்கிறது. பழையது என்னவென்று கேட்டால், "அழிச்சிட்டனே, நீ எழுதி வச்சுக்கலியா?" என்று என்னையே கேட்கிறான். வந்ததே எனக்குக் கோபம்! "இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்தவா?" என்று கேட்டுவிட்டேன்.

பிறகு லைல் இணையத்தில் எங்கோ படித்துவிட்டு, இரண்டு கண்டெய்னரையும் இறக்கி, பழைய சேமிப்பையும் சேர்த்துத் துடைத்து, புதிதாக எழுப்பும் கட்டளை ஒன்றை அடித்தான். "கார்புரேட்டர் கழுவற மாதிரிதான், கவலய விடு." அப்பாடா, தளம் திறந்துவிட்டது! ஆகவே நீ வர வேண்டாம், டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய். கர்த்தர் உன்னையும் உன் சர்வர்களையும் காப்பாராக.

உன் மாமன்,
ஹாரல்ட்

பி.கு.: உடனே புறப்பட்டு வா. தளம் நன்றாகத்தான் திறக்கிறது, உள்ளேதான் ஒருவரும் இல்லை. இத்தனை காலம் புதைத்த அத்தனை பேர் இடமும் 'காலி, முன்பதிவு செய்யலாம்' என்கிறது. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் ட்வெய்ட் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே பக்கத்து இடத்தை அப்பா பேரில் பதிந்துவிட்டார்கள். வெர்னாவின் இடமும் காலி என்றது. அதை என் பேருக்கு எடுத்துக்கொண்டேன். உயிரோடு இருந்தவரை போர்வையில் பாதி தந்ததில்லை அவள், இனி தந்துதான் ஆக வேண்டும்.