குதிரை வாலுக்குக் கஞ்சி போட்டேன்

தறிக்காரன் கையில் நூலைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கச் சொல்லக் கூடாது. சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மரக்குதிரை இன்றும் சாட்சியாக ஆடிக்கொண்டிருக்கிறது.

அது என் மாமியாரின் தாத்தா செய்த ஆடுகுதிரை. பலாமரத்தை உளியால் செதுக்கி, ஓர் இரும்பு ஆணிகூட அடிக்காமல் மர ஆணிகளாலேயே இணைத்தது. பிடரியும் வாலும் அவரே முறுக்கிய பட்டு நூல். அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் முதல் பிறந்தநாளன்று அதன்மேல் உட்கார்ந்தாக வேண்டும். என் மகளுக்கு முறை வந்தபோது மாமியார் முந்தின நாளே செவிலிமேட்டிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

"மாப்ள, மூணு தலமொற ஏறின குதிர. துணியால தொடச்சா போதும். வேற ஒண்ணும் பண்ணாதீங்க."

நான் தலையாட்டினேன். (ஆட்டியது தலை மட்டும்தான்.)

மறுநாள் காலையில் பார்த்தால் வால் சோர்ந்து தொங்கியது. என் கண்ணுக்கு அது வாலாகவா தெரிந்தது? பாவாகத் தெரிந்தது! தறியில் ஏற்றுமுன் பாவு நூலைத் தெருவில் நீட்டி, அரிசிக் கஞ்சி தெளித்து வெயிலில் காயவைப்போம். நூல் விறைப்பாக நிற்கும். அதே கையோடு வாலுக்கும் பிடரிக்கும் கஞ்சி போட்டு, குதிரையைத் தெருவில் நிறுத்திவிட்டுக் காபி குடிக்க உள்ளே போனேன். ஒரே ஒரு டம்ளர்.

எங்கள் தெரு மாடுகள் பசைக்காகச் சுவரொட்டியையே உரித்துத் தின்பவை. இது தெரிந்தும் போனேன்.

திரும்பி வந்தபோது ஒரு பசுமாடு நிதானமாக அசைபோட்டுக்கொண்டு நின்றது. வாயோரத்தில் நாலு இழை அரக்குப் பட்டு. குதிரைக்கு முன்னால் மொட்டைக் கழுத்து, பின்னால் வெறும் ஓட்டை.

மனைவி பவானி எட்டிப் பார்த்தாள். "என்னாங்க பண்ணீங்க?"

"கஞ்சி..."

"குதிரைக்கா?"

"வாலுக்கு."

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அம்மா வந்துக்கினு இருக்காங்க. நீங்களே சொல்லிக்கோங்க."

குதிரைமேல் துண்டைப் போர்த்தி வைத்தேன். உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் மாமியார் அதை எடுத்தார்.

"வால் எங்க மாப்ள?"

"மாடு தின்னுடுச்சி, அத்தை."

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

"எங்க வீட்டுப் புள்ள மூளிக் குதிரமேல ஏறக் கூடாது," என்றவர் பூ வைத்த நீளப் பின்னல் ஆட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் போகிறார், என் வாழ்க்கை முடிந்தது என்றே நினைத்தேன்.

கதவு திறந்தது. அவர் கையில் முழங்கை நீளப் பின்னல், மல்லிகைப்பூவோடு. தலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொண்டை. ஊரே கண்வைத்த அந்தக் கூந்தல் சவுரி! அதைக் குதிரையின் ஓட்டையில் செருகி, இழுத்துப் பார்த்து, "ம், புள்ளய ஏத்துங்க," என்றார்.

ஏற்ற ஆளில்லை. எல்லாருக்கும் வாய் பிளந்திருந்தது. மாமனார் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார்.

"ஏம்மா, முப்பது வருசமா தெனமும் ரெண்டு மொழம் பூ வாங்கியாறேனே... அது இதுக்கா?"

"வாங்கினீங்க இல்ல? வெச்சிக்கினேன் இல்ல? அப்பறம் என்னா?"

(முப்பது வருடம் எப்படித் தெரியாமல் போனது என்று அவரிடம் கேட்க இன்றுவரை ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.)

கடைசியில் பவானி ஏற்றிவிட, என் மகள் திரும்பி வாலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியார் அந்த வாலைத் திரும்பக் கேட்கவே இல்லை. மாமனார் மட்டும் எப்போது வந்தாலும், கொண்டுவரும் பூவில் ஒரு முழத்தைக் கிள்ளி முதலில் குதிரை வாலில் வைக்கிறார்.

"பழக்கமாயிடுச்சி மாப்ள, விட முடியல."