உப்புமாவில் விழுந்த ஆராய்ச்சி

பெண் பார்க்க வந்தவர்களின் தட்டைக் காட்டி "சாப்பிடாதீங்க!" என்று கத்துவது நல்ல பழக்கமில்லை. நான் கத்தியிருக்கிறேன்.

அப்போது நான் சென்னையில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. ஒரு தட்டு நிறையக் கடுகு நாற்று வளர்த்துவந்தேன். பாதிக்கு வெறும் தண்ணீர். மறுபாதிக்கு, பாக்டீரியாவின் வாலிலுள்ள புரதத்தில் ஒரு துணுக்கைக் கலந்த தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை உயரத்தை அளக்க வேண்டும். அதே ஞாயிற்றுக்கிழமைதான் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு மாகறலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. தட்டை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். (பக்கத்து சீட்டு அம்மா, "கீரை விக்கிறியாமா?" என்றார்.)

அதை ஜன்னலருகே வைத்துவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள் மாப்பிள்ளையும் அவருடைய அப்பா, அம்மாவும் உப்புமா சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். மேலே பச்சையாக ஏதோ தூவியிருந்தது. அண்ணியைப் பார்த்தேன்.

"கொத்தமல்லி தீந்துபோச்சு. ஜன்னலாண்ட நீ வச்சிருந்தியே, அதைக் கிள்ளிப் போட்டேன்" என்றார் பெருமையாக.

"ஐயோ, சாப்பிடாதீங்க! அதுல பாக்டீரியா!"

மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடினார். அப்பா, துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் உப்புமாவைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"முழு பாக்டீரியா இல்லைங்க, வால்ல ஒரு துணுக்குதான்" என்று சமாதானம் சொன்னேன். (நிலைமை இன்னும் மோசமானது.)

மாப்பிள்ளை மட்டும் எழுந்து ஜன்னலருகே போனார். "மிச்சம் இருக்கிறதெல்லாம் ஏங்க குட்டையா நிக்குது?"

எட்டிப் பார்த்தேன். அண்ணி நெட்டையானவற்றை மட்டும் கிள்ளியிருந்தார். அதாவது, வெறும் தண்ணீர் குடித்தவற்றை. விருந்தாளிகள் பிழைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாமல் என் சோதனைதான் செத்தது.

"வால் தண்ணி தெளிச்சது இதுங்களுக்குத்தான்" என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

"கிருமியே வரலியே, அப்புறம் ஏன் வளரல?"

இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அழுகை நின்றது.

"ஒவ்வொரு செல்லையும் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு இருக்குது. வெளியில என்ன வந்திருக்குதுன்னு உள்ள சேதி சொல்றது அதுல இருக்கிற புரதங்கதான். வால் பட்டாலே எதிரி வந்துட்டான்னு சொல்லிடும். செடி வளர்றதைக் குறைச்சிட்டு சண்டைக்கு ரெடியாயிடும்."

"அப்போ வளரச் சொல்றது?"

"அந்தச் சேதியும் அதே சவ்வு வழியாத்தான். ரெண்டுக்கும் கூட நின்னு உதவுற புரதம்கூட ஒண்ணு இருக்குது."

"ரெண்டுக்கும் ஒரே ஆளா? எந்தப் பக்கம் போறதுன்னு அது எப்படி முடிவு பண்ணுது?"

"அதைத்தான் கண்டுபிடிச்சிக்கினு இருந்தேன். நீங்க சாப்ட்டுட்டீங்க."

மாமனார் சிரித்த சிரிப்பில் கன்னத்திலிருந்த உப்புமா உள்ளே போய்விட்டது. கல்யாணம் நடந்தது.

இப்போது எங்கள் மகள் பள்ளிக்கூட வரிசையில் முதல் ஆளாக நிற்கிறாள், அவ்வளவு குட்டை. யாராவது அதைப் பற்றிக் கேட்டால் மாமியார் என்னைக் கைகாட்டுகிறார்:

"இன்னாம்மா பண்றது? இவளுக்கும் அந்த வாலைத் தெளிச்சிட்டா!"