கப்பல் பிள்ளைக்காம்பராவில் நான் மாட்டிக்கொண்ட கதை

பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் அம்மாமாரை நான் நிறையத் திட்டியிருக்கிறேன். பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினாறு வருஷமாகப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் விடியக்காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்று மூக்கைச் சிந்துவார்கள். "பெரட்டுல பேர் குடுக்க நேரமாச்சு, கெளம்புங்க! நீங்க நிக்கிறதுனாலதான் அது அழுவுது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவேன். (அத்தனை பேருடைய வயிற்றெரிச்சலும் சேர்ந்துதான் என்னைக் கடல்வரை துரத்தி வந்திருக்க வேண்டும்.)

என் மகன் கவினுக்கு அப்போது ஐந்து வயது. தவழ்ந்த காலம் முதல் என் பிள்ளைக்காம்பராவிலேயே வளர்ந்தவன். என் கண்ணை விட்டு ஒரு மணி நேரம் தள்ளி இருந்ததில்லை. ஜனவரி வந்தால் டவுன் பள்ளிக்கூடத்துக்கு வேனில் தனியாகப் போக வேண்டும். அதை நினைத்து இரவில் எழுந்து எழுந்து அவனைத் தொட்டுப் பார்ப்பேன். அந்த நேரம் பார்த்துத்தான் என் தம்பி ரவி போன் பண்ணினான். அவனுக்கு ஒரு உல்லாசக் கப்பலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை.

"அக்கா, எங்க குடும்பத்துக்கு சலுகையில டிக்கட் குடுக்குறாங்க. சிங்கப்பூர்ல ஏறி மூணு நாள். புள்ளைங்களுக்குன்னு தனியா கிளப் இருக்கு. காலையில விட்டுட்டு பின்னேரம் கூட்டிக்கலாம்."

"கப்பல்ல பிள்ளைக்காம்பராவாடா?"

"அதேதாங்க்கா. ஏசி போட்டது."

சரி, பள்ளிக்கூடத்துக்கு இதுவே ஒத்திகை என்று முடிவு கட்டினேன். அடுத்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் ராணுவப் பயிற்சி நடந்தது. சப்பாத்தை அவனே மாட்ட வேண்டும், காற்சட்டைப் பொத்தானை அவனே கழற்ற வேண்டும், கக்கூசு வந்தால் தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் கேட்க வேண்டும். கடல் மாதிரி இருக்கட்டும் என்று வாசலில் என் நீலச் சேலையைத் தொங்கவிட்டேன். பெக்டரியில் எலக்ட்ரீசியன் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கப்பல் உத்தியோகத்தராக நடித்தார். டவுனில் பலசரக்குக் கடை நானாவிடம் கூட அரை மணி நேரம் விட்டுப் பார்த்தேன். பையன் சந்தோஷமாக மல்லிப் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். எதிரே பஸ் தரிப்பிடத் தூணுக்குப் பின்னால் நின்ற எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

"எனக்கென்னமோ தப்பான ஆளுக்கு டிரெயினிங் நடக்குதுன்னு தோணுது" என்றார் வீட்டுக்காரர். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

நாங்கள் மூன்று பேரும் கப்பல் ஏறினோம். முதல் நாள். கிளப் வாசலில் நின்ற பெண் எம்பிலிப்பிட்டிய பக்கத்துச் சிங்களப் பிள்ளை. கவின் "ஆயுபோவன்" சொன்னான், சப்பாத்தைக் கழற்றினான், உள்ளே போய்விட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஒரு மாதம் சொல்லிக் கொடுத்ததை ஒரு நிமிஷத்தில் செய்து முடித்துவிட்டான். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவள், யாரோ என்னை வேலையை விட்டு நிறுத்தியது போல நின்றேன்.

ஒன்பதரை மணியானது. எங்கள் தோட்டத்தில் அம்மாமார் மலையிலிருந்து இறங்கி வந்து பிள்ளைக்குப் பாலோ ரொட்டியோ ஊட்டும் நேரம். என் கால் தானாக நடந்தது. கைப்பையில், ஊரிலிருந்து உருட்டிக்கொண்டு வந்த சத்துமா உருண்டைகள் ஒரு டப்பா நிறைய இருந்தன.

"நங்கி, மகனோட தண்ணிப் போத்தல்" என்று சிங்களத்தில் சொன்னேன். (நங்கி என்றால் தங்கச்சி.) அவள் கதவைத் திறந்ததும் பின்னால் போன் அடித்தது. அவள் அந்தப் பக்கம் திரும்ப, நான் உள்ளே நுழைந்துவிட்டேன்.

உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பொடிசு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தது. சொல்லுங்கள், பதினாறு வருஷத்துக் கை சும்மா இருக்குமா? தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒரு உருண்டையைப் பிட்டு வாயில் வைத்தேன். அழுகை நின்றது. அடுத்த நிமிஷம் எல்லாப் பிள்ளைகளும் ஆவென்று வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றன. கவினைச் சேர்க்காமல் பதினொரு பிள்ளைகள்! எந்தத் தேசத்துப் பிள்ளையானாலும் பசிக்கிற வாய் ஒரே மாதிரித்தான் இருக்கிறது என்று உருகிப் போய் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"அனே அக்கே, மேவா தென்ன பே!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள் நங்கி. இதெல்லாம் கொடுக்கக் கூடாதாம். பின்னாலேயே மனேஜர் வந்தார். இதில் கச்சான் கடலை இருக்கிறதா, எள் இருக்கிறதா, எந்தப் பிள்ளைக்கு எது ஒவ்வாது என்று தெரியுமா என்று கேட்டார். கச்சான் இல்லை, எள் இருந்தது. மூன்றாவது கேள்விக்கு டப்பாவை மூடிக் கைப்பைக்குள் வைத்தேன். (வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று எங்கள் பிள்ளைக்காம்பராவில் போர்டு எழுதி மாட்டியவளே நான்தான். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.)

பதினொரு வீட்டுப் பெற்றோருக்கும் தகவல் போனது. ஒருவர் நீச்சல் குளத்திலிருந்து சொட்டச் சொட்ட ஓடி வந்தார். ஒரு அம்மா பாதி நகத்துக்கு மட்டும் சாயம் பூசிய கையோடு வந்தார். கப்பல் நர்ஸ் ஒவ்வொரு பிள்ளையின் நாக்கையும் டோர்ச் அடித்துப் பார்த்தார். கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அழுத பொடிசு மட்டும் இன்னொரு உருண்டை கேட்டது.

ரவியையும் கூப்பிட்டுவிட்டார்கள். "அக்கா, ஆறு வருஷமா இங்க வேல பாக்குறேன். இந்த மனேஜர் மொகத்த ஒரு நாள்கூட நான் பாத்ததில்லங்க்கா. இன்னைக்கு கிட்டவே நின்னு பாத்துட்டேன்" என்றான். நல்ல வேளை, அவன் வேலைக்கு ஆபத்து ஒன்றும் வரவில்லை.

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். அறைக்கு வந்ததும் கவின் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

"நீங்க ஏம்மா வந்தீங்க? நான் அழவே இல்லியே."

அவன் அழவில்லை. அதனால்தான் எனக்கு அழுகையாக வந்தது. அவனைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதேன். அவன் என் முதுகைத் தட்டிக் கொடுத்தான்.

மறுநாள் அவனை ஒரு நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளை வரலாம், அம்மா வாசலோடு சரி. நங்கி அவன் கையில் பெயர் எழுதிய காகிதப் பட்டியை ஒட்டினாள். கவின், "அம்மாட்டத் எகக்" என்றான். அம்மாவுக்கும் ஒன்று வேண்டுமாம். அவள் சிரித்துக்கொண்டே என் பெயரை எழுதினாள். பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதச் சொன்னான். அதை வாங்கி என் மணிக்கட்டில் அவனே ஒட்டினான்.

"அப்பாகூட இருங்க. அழக் கூடாது. பின்னேரம் நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அன்று முழுக்க நான் அந்தப் பக்கம் போகவில்லை. (பொய் எதற்கு, இரண்டு தடவை போனேன். கையிலிருந்த பட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.)

இப்போது கவின் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். வேனில் ஏறினால் எனக்குக் கை காட்டக்கூட அவனுக்கு நேரமில்லை. ஆனால் பிள்ளைக்காம்பரா வேலைக் கூட்டத்துக்கென்று நான் தனியாக ரத்தினபுரிக்குக் கிளம்பினால் போதும், லயத்து வீடுகள் அத்தனைக்கும் கேட்கும்படி கத்துவான்: "அம்மா, பட்டி எடுத்தீங்களா?" பக்கத்து வீட்டுக்காரர்களும் இப்போது அதையே கேட்கிறார்கள்.

"போடா" என்று ஏசிவிட்டுத்தான் படி இறங்குவேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கைப்பைக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். இருக்கும். என் பெயர் அழிந்துவிட்டது. அவன் பெயரை இன்னும் வாசிக்கலாம்.