பூவாடைக்காரி பெட்டிக்குள் ஒரு குரல்

பெண்டாட்டியின் போனை ஒழித்துக்கட்டினால்தான் தனக்கு மரியாதை என்று முருகவேல் முடிவு கட்டினான். ஆடிக் கிருத்திகைக்கு ஐந்தே நாள். திருத்தணி மலையேறுகிறவர்களுக்குப் புஷ்பக் காவடி கட்டித் தருவதாகக் காஞ்சனா போனில் படம் போட்டதில், நகரி, புத்தூர் பக்கமிருந்து நாற்பது பேர் கேட்டிருந்தார்கள். அந்த வருமானத்தில்தான் ஒழுகுகிற கூரைக்கு ஓடு மாற்ற வேண்டும். இதெல்லாம் அவனுக்கும் தெரியும். ஆனால் டீக்கடையில் ஒருவன், "காஞ்சனா வூட்டுக்காரரு வராரு, தள்ளி குந்துங்கப்பா" என்றானே, அதைத்தான் அவனால் ஜீரணிக்க முடியவில்லை.

போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அவள் பூ வாங்கப் போனாள். இவன் எடுத்துப் பூவாடைக்காரி பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்து, பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகிவிட்ட அம்மா ரத்தினம்மாளின் புடவை இருக்கிற தகரப்பெட்டி அது. வருஷத்துக்கு ஒருமுறை, படையலன்று மட்டும்தான் திறப்பார்கள். நடுவில் திறந்தால் தெய்வக்குற்றம். காஞ்சனா கிட்டேகூடப் போகமாட்டாள். திறந்தது தானேதான் என்பது பூட்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

உச்சிவெயில். தெருவில் ஈ காக்கை இல்லை. பெட்டிக்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"டேய் முருகா, எங்கடா கீற? எம்மா நேரமா நின்னுகினு கீறேன். வந்து தொறடா."

செத்து இரண்டு வருஷமான அம்மா. அதே இழுப்பு, நடுவில் அதே இருமல். குரல் நின்றது. அப்பாடா என்பதற்குள் மறுபடியும் அதே வார்த்தை. பயத்தோடு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அழுகையும் வந்துவிட்டது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"தப்புதாம்மா. இனிமே அவ போனைத் தொடமாட்டேன். காவடிக்குப் பூவும் நானே கட்டறேன். சத்தியம்மா."

வாசலில் காஞ்சனா நின்றிருந்தாள். கையில் பக்கத்து வீட்டு நிஷாத் பேகத்தின் போன். அவள் அழைப்பைத் துண்டித்ததும் பெட்டிக்குள் அம்மாவும் அடங்கிவிட்டாள்.

"அத்தை இருந்தப்ப ஒருநாள் வூட்டு சாவியை எடுத்துகினு டீக்கடைக்குப் போயிட்டீங்களே, அப்ப வெளியில நின்னுகினு என் போன்ல பேசி உங்களுக்கு அனுப்பன குரலுங்க அது. போன் மேல உங்க பார்வை சரியில்லைன்னு நேத்துதான் ரிங்டோனா வச்சேன்."

"அப்ப நான் பண்ண சத்தியம்?"

"அது பூவாடைக்காரிக்குப் பண்ணது. என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

நாற்பது காவடிக்கும் முருகவேல்தான் பூ கட்டினான். கூரைக்கு ஓடு வந்தது. மிச்சத்தில் காஞ்சனா புதுப்போன் வாங்கிக்கொண்டு, பழையதை அவனுக்கே கொடுத்துவிட்டாள். விடிகாலை நாலு மணிக்கு அதில் அம்மா கூப்பிடுகிறாள், இவன் எழுந்து பூ கட்ட உட்காருகிறான்.